பூனைக்கு வைட்டமின் சி மாத்திரை வேண்டாம்

கோடையில் வெறும் சம்பா வைக்கோல் தின்னும் நம்ம டெல்டா மாட்டுக்கு, வைட்டமின் சி குறைந்த மனிதரைப்போல் ஏன் ஈறு வீங்கி ரத்தம் கசிவதில்லை? அதன் கல்லீரலே குளுக்கோஸிலிருந்து வைட்டமின் சி செய்துகொள்கிறது. ஆடு, நாய், பூனையும் அப்படித்தான். கடைசிப் படியை முடிக்கும் நொதியின் மரபணு மனிதருக்கும் குரங்குக்கும் பழுது. நெல்லிக்காய் நமக்குத்தான். பூனைக்கு மாத்திரை கொடுத்தால் மிச்சம் ஆக்ஸலேட் என்ற கழிவாகி சிறுநீரில் கல் சேரலாம்.

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் கினிப்பன்றி (பன்றியல்ல, எலி இனத்துச் சிறு பிராணி) வளர்ப்பவர்கள்தான் கவனிக்கணும். அதுவும் நம்ம கட்சி, வைட்டமின் சி செய்யத் தெரியாது! கிலோ எடைக்குத் தினம் 10 மில்லிகிராம், சினையென்றால் 30. குடிதண்ணீரில் கலக்காதீர்கள், சீக்கிரம் சிதைந்துவிடும். பச்சைக் குடைமிளகாய் 20 கிராம் வைத்தால், சினையில்லாத ஒரு கிலோ பிராணிக்குத் தினசரி அளவு கிடைத்துவிடும். பழைய தீவனத்தை நம்பாதீர்கள், அதில் சத்து போயிருக்கும். நடக்கத் தயங்கினாலோ மூட்டு வீங்கினாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.