சின்னான் கூடு காலி

லன்டானா புதரில் செம்மீசைச் சின்னான் (புல்புல் பறவை) கூடு. நார்க்கிண்ணம் கலையவே இல்லை. நேற்றுவரை இருந்த, செம்புள்ளி போட்ட மூன்று முட்டைகளைக் காணோம்.

இப்படி அலுங்காமல் காலியானால் முதல் சந்தேகம் பாம்பு மேல்தான். பூனை, கீரி என்றால் பெரும்பாலும் உள்நார் வெளியே இழுபட்டுக் கிடக்கும். கூட்டை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்லவும் முடியாது. செம்போத்தும் அலுங்காமல் எடுத்துவிடக்கூடும்.

அடைகாக்க ஏறக்குறைய 12 நாள், குஞ்சு பறக்க இன்னும் 12.

ஒரு நாள் தப்பிக்கும் வாய்ப்பு 95 சதவீதம் என்று வைத்தாலும், 24 நாளையும் தாண்டுவது நூற்றுக்கு 29 கூடுகள்தான்!

தயவுசெய்து கூட்டைப் பார்க்க இலையை விலக்காதீர்கள். மறைப்பு போனால் காக்கை கண்டுபிடித்துவிடும். நிற்காமல் கடந்து போங்கள், போன வழியே திரும்பாதீர்கள். வேலி வெட்டுவதைக் குஞ்சு பறக்கும்வரை தள்ளிப்போடுங்கள்.