வன்னிக் கிணற்றுத் தண்ணிக்கு எந்தத் தொட்டி மீன்?

கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? அப்படியென்றால் உங்கள் கிணற்றுத் தண்ணி வன்னீர், அதாவது சுண்ணாம்பு உப்புக் கூடிய தண்ணி. கப்பி, மொலி, பிளாட்டி மூன்றுக்கும் அது நன்றாக ஒத்துவரும். நியோன் டெட்ரா மென்னீர் மீன். பாவம், அதை இங்கே வாங்கவேண்டாம். ஆண் ஃபைட்டர் மீனையும் கப்பியோடு விடக்கூடாது. கப்பியின் விரிந்த வாலைக் கண்டால் இன்னொரு ஃபைட்டர் என்று கடித்துக் கிழித்துவிடும்.

புதுத் தொட்டியில் முதல் மாதம்தான் ஆபத்து. கழிவில் வரும் அமோனியாவை மாற்றும் பக்டீரியா ஃபில்டர் பஞ்சில் பெருக நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். வன்னீரில் பெரும்பாலும் பிஎச் (தண்ணியின் அமில-கார அளவு) அதிகம். பிஎச்சும் வெக்கையும் கூடக் கூட அமோனியாவின் நஞ்சும் ஏறும். அதனால் 60 லீற்றர் தொட்டியில் முதலில் மூன்று நாலு கப்பி போதும். மீன் மேலே வந்து வாயை வாயைத் திறந்தால், செவுள் சிவந்திருந்தால், தீனியை நிறுத்தி உடனே 15 முதல் 20 லீற்றர் தண்ணி மாற்றுங்கள். மாரி வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தால், குளோரின் நீக்கும் மருந்து விடாமல் அந்தத் தண்ணியை ஊற்றாதீர்கள்.

பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணியிலேயே பிழியுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணியில் அலசினால் பக்டீரியா செத்துவிடும், பழையபடி முதல் மாதம்தான்.