ஆற்றைத் தேர்ந்தெடுத்த பிறகு சாஃப்ட்வேர்: நீரியல் ஆராய்ச்சிக்கு வருபவர்களுக்கு

சிவில் முடித்துவிட்டு நீர்வளப் பொறியியலில் எம்.டெக், பிஎச்.டி என்று போக நினைக்கும் மாணவர்கள் முதலில் கேட்பது, "சார், எந்த சாஃப்ட்வேர் கத்துக்கணும்?" என்பதுதான். ஸ்வாட் (மழையிலிருந்து ஆற்றோட்டத்தைக் கணிப்பது), ஹெக்-ராஸ் (ஆற்றில் தண்ணீர் எந்த மட்டத்தில் ஓடும் என்று கணிப்பது) எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன, சில மாதங்களில் பழகிவிடலாம். நான் திருப்பிக் கேட்பது இது: எந்த ஆறு? அதற்குத் தரவு கிடைக்குமா?

எம்.டெக் சேர்க்கைக்கான கேட் தேர்வைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும் என்பதால் ஒரே முயற்சியில் முடிக்க வேண்டிய பதற்றம் வேண்டாம். ரூர்க்கி ஐஐடியில் நீரியலுக்கென்றே தனித்துறை இருக்கிறது. சென்னையில் ஐஐடியும் அண்ணா பல்கலைக்கழக நீர்வள மையமும் உள்ளன. எங்கே சேர்ந்தாலும் வழிகாட்டியின் பழைய மாணவர்களிடம் பேசிவிட்டுச் சேருங்கள்.

சரி, தரவுக்கு வருவோம். கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து ஆகியவற்றின் நீரோட்டத் தரவு பொதுவில் கிடைக்காது, அனுமதி வாங்க வேண்டும். தென்னக ஆறுகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கிடைத்துவிட்டது என்பதற்காக அப்படியே மாடலில் போட்டுவிட முடியாது. காவிரியில் நீரோட்டம் அளக்கும் முசிறி நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே 1934 முதல் மேட்டூர் அணை நிற்கிறது. முசிறியில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி மேட்டூரில் மதகு திறந்ததற்கான கணக்கு, மழைக்கான கணக்கு அல்ல. அணையை விட்டுவிட்டு மழை–ஓட்ட மாடலைப் பொருத்தினால் வரும் எண்களுக்கு அர்த்தமே இருக்காது.

இன்னொன்று. தினசரி ஓட்டம் என்று அட்டவணையில் இருப்பதில் பலவும் நேரடியாக அளந்தவை அல்ல. நீர்மட்டத்தைப் பார்த்து, ரேட்டிங் கர்வ் (எந்த மட்டத்துக்கு எவ்வளவு ஓட்டம் என்று காட்டும் வளைகோடு) வழியாகக் கணக்கிட்டவை. பெருவெள்ளத்தில் ஆற்றில் இறங்கி அளப்பது கடினம், அதனால் அந்த வளைகோட்டை மேலே நீட்டித்துத்தான் மதிப்பு எடுப்பார்கள். மணல் அள்ளி ஆற்றுப்படுகை இறங்கிவிட்டால் அதே மட்டத்துக்கு ஓட்டம் வேறு. நிலையத்துக்கு ஒரு முறையாவது நேரில் போய், அளவுகோல் எங்கே நிற்கிறது, படுகை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

அப்புறம் "நாஷ்–சட்கிளிஃப் 0.8 வந்துடுச்சு சார்" என்ற சந்தோஷம். மாடல் தரும் ஓட்டம் அளந்த ஓட்டத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் எண் அது, 1 என்றால் முழுப் பொருத்தம். அந்தச் சூத்திரம் பிழையை இருமடியாக்குவதால் வெள்ள உச்சங்களே மதிப்பைத் தீர்மானிக்கும், கோடைக்கால ஓட்டம் மோசமாக இருந்தாலும் வெளியே தெரியாது. ஓட்டத்தை மடக்கை (லாக்) அளவில் வரைந்து பாருங்கள், சின்ன ஓட்டங்களின் பிழையும் தெரியும். மழை, ஆவியுயிர்ப்பு (மண்ணிலிருந்தும் செடிகளிலிருந்தும் ஆவியாகும் நீர்), ஓட்டம் மூன்றும் ஆண்டுக் கணக்கில் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். வைவாவில் நான் கேட்பது இதைத்தான்.

களத்தில் சொந்தமாக அளக்கப் போகிறவர்கள் பருவத்தைப் பார்த்துத் திட்டமிட வேண்டும். தமிழகக் கடலோரத்துக்கு முக்கிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜூலையில் சேர்ந்தால் முதல் பருவமழை கோர்ஸ்வொர்க்கிலேயே போய்விடும். நீர்மட்ட சென்சார் வாங்கும் டெண்டர் வேலை வேறு மாதக்கணக்கில் இழுக்கும். சேர்ந்த முதல் செமஸ்டரிலேயே கொள்முதல் கோப்பை நகர்த்தச் சொல்லி வழிகாட்டியிடம் பேசிவிடுங்கள்.