கல்லில் குடியிருக்கும் காரவிரும்பிகள்

கல் மாதிரிகளில் பாக்டீரியா வளர்த்துப் பார்ப்பது என் வேலை. உதிரத் தொடங்கிய சுண்ணாம்புக்கல், பழைய காரைப்பூச்சு, கான்கிரீட் துண்டு என்று என்னென்னவோ வரும். கூடவே வரும் கேள்வி மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்: இதில் என்ன கிருமி இருக்கிறது, எதை அடித்தால் சாகும்? அந்தக் கேள்வி எனக்குப் பிடிப்பதே இல்லை.

சுரண்டி எடுத்த தூளை, அமிலமும் காரமும் அல்லாத பிஎச் 7 உள்ள சாதாரண அகார் தட்டில் (பாக்டீரியா வளர்க்கும் ஊட்டக் கூழ்த் தட்டில்) பரப்பினால் ஒரு கூட்டம் வளரும். அதே தூளை காரம் மிகுந்த பிஎச் 10 தட்டில் பரப்பினால் முளைப்பது வேறு கூட்டம், முதல் தட்டில் தலையே காட்டாதவை அதில் நிறைய இருக்கும். ஆனால் அந்தக் காரத் தட்டைத் தயாரிக்கப் பொறுமை வேண்டும். சோடியம் கார்பனேட்டைத் தனியாகக் கிருமிநீக்கம் செய்து, அகார் சற்று ஆறிய பிறகு, ஊற்றுவதற்குச் சற்று முன்புதான் கலக்க வேண்டும். குளுக்கோஸோடு சேர்த்து ஆட்டோகிளேவில், அதாவது நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கலனில், வைத்தால் எல்லாம் பழுப்பாகிவிடும், அகாரும் சரியாக இறுகாது. ஊற்றிய தட்டை நாள்கணக்கில் வெளியே வைத்தாலும் வீண்தான், ஏனென்றால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி அதன் பிஎச் மெல்ல இறங்கிவிடும். 1960களின் பிற்பகுதியில் ஜப்பானில் நுண்ணுயிரியலாளர் கோக்கி ஹோரிகோஷி காரவிரும்பிகளை, அதாவது காரச் சூழலில் செழிக்கும் பாக்டீரியாக்களை, தேடித் தேடிப் பிரித்தெடுத்த காலத்திலிருந்து இந்தப் பக்குவம் பெரிதாக மாறவில்லை.

அந்த உயிர்கள் சமாளிக்கும் விதம் எனக்கு இன்றும் வியப்புதான். வெளியே பிஎச் 10.5 இருந்தாலும் செல்லுக்குள் சுமார் 8.3 ஆக வைத்துக்கொள்ளும் பேசில்லஸ் இனங்கள் உண்டு. சோடியத்தை வெளியே தள்ளி ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே இழுக்கும் புரதங்கள் ஓயாமல் வேலை செய்வதால்தான் இது நடக்கிறது. சோடியம் போதவில்லை என்றால் கதை முடிந்தது.

கல்லை அரிப்பதற்குப் பதில் சுண்ணாம்பைப் படிய வைக்கும் பாக்டீரியாக்களும் உண்டு; அந்தத் துறையில் பெரும்பாலோர் கையாளும் இனம் ஸ்போரோசார்சினா பாஸ்டியூரி. இது யூரியாவை உடைக்கும், அம்மோனியா வெளிவரும், பிஎச் ஏறும், கார்பனேட் உருவாகும், பக்கத்தில் கால்சியம் இருந்தால் கால்சைட்டாக, அதாவது சுண்ணாம்புக்கல்லின் அதே கனிமமாக, படியும். செல்லின் வெளிச்சுவர் எதிர்மின்னூட்டம் கொண்டது, அதனால் கால்சியம் அதிலேயே வந்து ஒட்டி, பாக்டீரியாவைச் சுற்றியே படிகம் வளர ஆரம்பிக்கும். படிகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், உள்ளே அகப்பட்டுக்கொண்ட செல்களின் வடிவத்தில் குச்சி குச்சியாகக் குழிகள் தெரியும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

கற்சிதைவுக்கு இதையே மருந்தாக்கலாம் என்று பலர் பரவசப்படுகிறார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம்தான். யூரியா வழியில் எஞ்சும் அம்மோனியம் கல்லிலேயே தங்கினால், நைட்ரஜனேற்றப் பாக்டீரியாக்கள் அதை நைட்ரிக் அமிலமாக்கும், அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லைத்தான் தின்னும். பூசிவிட்டு வெற்றி என்று அறிவிக்கும் அவசரத்தில் இதைக் கழுவி எடுக்கிற வேலை பின்னுக்குப் போய்விடுகிறது. ஸ்பெயினின் கிரனாடாவில் ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். 2003இல் மிக்சோகாக்கஸ் சாந்தஸ் என்ற, யூரியாவை நம்பாத இனத்தைக் கொண்டு கல்லைக் கெட்டிப்படுத்திக் காட்டினார்கள், அப்புறம் வெளியிலிருந்து எதையும் கொண்டுவராமல், ஏற்ற ஊட்டக் கரைசலை மட்டும் கொடுத்து, கல்லில் ஏற்கனவே இருக்கும் பாக்டீரியாக்களையே கால்சைட் படிய வைக்கவும் செய்தார்கள். என் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

கல்லை அரிக்கும் அமிலம் சுரப்பவையும் அங்கே இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் எது எந்தப் பக்கம் என்று தெரியாமல் கிருமிநாசினி அடித்தால் இரண்டும் போகும், வித்தாக உறங்கும் இனங்கள் மட்டும் பிழைத்துத் திரும்பி வரும். அதனால் மாதிரி அனுப்புகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: சுத்தம் செய்வதற்கு முன்பே சுரண்டி அனுப்புங்கள், கல்லின் மேற்பரப்பு பிஎச்சையும் அளந்து எழுதுங்கள், ஈரமாக இருந்த இடமா காய்ந்த இடமா என்பதையும் மறக்காமல் குறியுங்கள்.