பாட்டு சார் கேட்கவைத்த பாக்

நமக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்த பாட்டு சார் தவறிவிட்டார் என்று குழுவில் செய்தி வந்ததும் நம் சங்க மலர் இதழுக்கு வேறு எதையும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

நான்கு குரலில் பாடும்போது மேல்குரலுக்கு அடுத்ததான ஆல்ட்டோ வரிசையில் நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். மேல்குரலான சோப்ரானோவுக்கு ட்யூன் முழுசாகக் கிடைக்கும், நமக்கோ இரண்டு மூன்று சுரத்தையே சுற்றிச் சுற்றி வரும் வேலை. பெரிய வெள்ளிக்காக 'இரத்தம் காயம் குத்தும்' பழகிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் என் குரல் சோப்ரானோ பக்கம் போய்விட, சார் ஆர்மோனியத்தை நிறுத்தி என்னை முன்னால் கூப்பிட்டு, சொல்ஃபா தாளை (சுரங்களை எழுத்தில் குறித்த தாள்) கையில் கொடுத்து, ஆல்ட்டோவை மட்டும் தனியாகப் பாடச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நிறுத்தாதே, பாடு" என்றவர் முதலில் அடிக்குரலான பேஸைச் சேர்த்தார், அப்புறம் அதற்கு மேலான டெனர், கடைசியில்தான் சோப்ரானோ. உயிரில்லாமல் கிடந்த அந்தச் சுரங்களுக்கு மற்ற குரல்கள் சேரச் சேர ஒரு வலி வந்தது. "இப்படி அடுக்கினது பாக்" என்றார் சார். சிரிப்பு அடங்கிவிட்டது.

அந்த ட்யூன் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் போட்டதில்லை. ஹாஸ்லர் என்ற இன்னொரு ஜெர்மன் இசையமைப்பாளர் 1601-இல் வெளியிட்ட ஒரு காதல் பாட்டின் மெட்டு அது, பிறகு ஜெர்மன் சபைகளில் சிலுவைப் பாட்டாகிவிட்டது. மத்தேயு சுவிசேஷத்தின் சிலுவைப்பாட்டு வரலாற்றுக்கு இசையமைத்த 'மத்தேயு பாடுகள்' என்ற படைப்பில் பாக் அதை 1727-இல் ஐந்து இடத்தில் வைத்தார். இயேசு உயிர்விட்ட உடனே வருவது கடைசி: நான் பிரியும் நாளில் நீர் என்னைப் பிரியாதேயும் என்ற வேண்டுதல். மேலே அதே ட்யூன். கீழே மூன்று குரல்களும் அரைச்சுரம் அரைச்சுரமாக நகர்ந்து மரண பயத்தையே கேட்கவைத்துவிடுகின்றன. அந்த வேலையில் ஆல்ட்டோவுக்கும் பங்கு உண்டு.

இன்னொரு இடமும் சொல்ல வேண்டும். அதே படைப்பில், உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று இயேசு சொன்னதும் சீஷர்கள் "ஆண்டவரே, நானோ?" என்று பதறுகிறார்கள். பாக் அதைப் பதினொரு முறை கேட்கவைக்கிறார், காட்டிக்கொடுக்கப்போகிற யூதாஸ் மட்டும் அதில் இல்லை. அடுத்த நொடியே "நான்தான்" என்று சபைப் பாட்டு தொடங்குகிறது. இதைவிட நேராக ஒரு பிரசங்கம் நான் கேட்டதில்லை.

இதையெல்லாம் பாடியது யார் என்று நினைக்கிறீர்கள்? பள்ளிக்கூடப் பையன்கள்! 1723 முதல் 1750-இல் இறக்கும்வரை ஜெர்மனியின் லைப்சிக் நகரத் தோமா பள்ளியில் பாக் பாட்டு வாத்தியார்தான், குடியிருந்ததும் பள்ளிக் கட்டடத்திலேயே. 1730-இல் நகர மன்றத்துக்கு அவர் எழுதிய மனுவில், இருக்கிற 54 பையன்களில் 17 பேர்தான் தேறுவார்கள், 20 பேருக்கு இன்னும் பயிற்சி வேண்டும், 17 பேர் பாட்டுக்கே ஆகமாட்டார்கள் என்று கணக்குச் சொல்கிறார். அதைப் படித்தபோது நம் சார் முகம்தான் ஞாபகம் வந்தது.

வேலைக்காக ஜெர்மனி வந்த பிறகு அதே தோமா ஆலயத்தில் பையன்கள் பாடக் கேட்டேன். சாரிடம் இருந்தது தேய்ந்துபோன ஒரு கேசட்தான். ஊருக்குப் போன் போட்டு விவரித்தால் அவர் கேட்பது ஒன்றே ஒன்று: "ஆல்ட்டோ தெளிவா கேட்டுச்சா?" ஒருமுறை அவரை இங்கே அழைத்துவர வேண்டும் என்ற ஆசை கடைசிவரை நிறைவேறவில்லை. ஊரிலேயே இருந்தவர்கள் வருஷாவருஷம் பெரிய வெள்ளியன்று அவர் பக்கத்தில் நின்று பாடினார்கள். அந்தக் கொடுப்பினை எனக்கு இல்லை.

சார் கைப்பட எழுதிய சொல்ஃபா தாள்கள் யாரிடமாவது இருந்தால் போட்டோ எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். நான்கு பார்ட்டும் சேர்ந்தால், அடுத்த கூடுகையில் நாமே நின்று பாடலாம். ஆல்ட்டோவுக்கு நான் வருகிறேன்.