வளைந்த அல்ட்ராவைடு மானிட்டர்: முதலில் மேசையை அளந்து பாருங்கள்

அல்ட்ராவைடு மானிட்டர் வாங்கக் கிளம்பும் பலர் முதலில் பார்ப்பது ஹெர்ட்ஸ் (திரை ஒரு நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறது என்ற எண்), அடுத்து விலை. கையில் எடுக்க வேண்டியதோ இன்ச் டேப். சுவரிலிருந்து நீங்கள் உட்காரும் பக்க விளிம்பு வரை மேசை எத்தனை சென்டிமீட்டர் ஆழம் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எந்த அளவுத் திரை, எவ்வளவு வளைவு, ஸ்டாண்டு போதுமா, ஆர்ம் (மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு திரையைத் தாங்கும் மடங்கும் கை) வேண்டுமா என்ற எல்லாக் கேள்விகளுக்கும் பாதி விடை அந்த ஒரு எண்ணில் இருக்கிறது.

இங்கே எடுத்துக்கொள்வது 34 அங்குலம், 3440 × 1440 பிக்சல், 21:9 (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) திரையை. எழுத்து வேலை, புரோகிராமிங், வீடியோ எடிட்டிங், கணக்குப் பார்ப்பது என்று வீட்டில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு இதுதான் சரியான அளவு. காட்சிப் பரப்பு சுமார் 80 செ.மீ. அகலம், 33 செ.மீ. சொச்சம் உயரம். 27 அங்குல சாதாரணத் திரையின் உயரமும் இதேதான். அதைப் பக்கவாட்டில் மூன்றில் ஒரு பங்கு நீட்டியது போல. 34 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு 32 அங்குலத்தைவிட உயரமாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 32 அங்குல 16:9 திரை கிட்டத்தட்ட 40 செ.மீ. உயரம். ஒரே நீளப் பக்கத்தை மேலிருந்து கீழ் வரை படிப்பதுதான் உங்கள் வேலை என்றால் அதுவே நல்லது. இரண்டு மூன்று ஜன்னல்களைப் பக்கம் பக்கமாகத் திறந்து வைப்பவர்களுக்குத்தான் அல்ட்ராவைடு.

கண்ணுக்கும் திரையின் நடுவுக்கும் 65 முதல் 75 செ.மீ. தூரம் வேண்டும். நம் வீடுகளில் இருக்கும் பல மேசைகள் இரண்டடி ஆழம், அதாவது 60 செ.மீ. கூட வரும் ஸ்டாண்டின் கால் சுமார் 25 செ.மீ. ஆழத்துக்குப் பரவியிருக்கும், அதில் நிற்கும் திரை சுவரிலிருந்து 20 செ.மீ. முன்னால் வந்துவிடும். மீதி 40. நீங்கள் விளிம்பிலிருந்து 15 செ.மீ. தள்ளி உட்கார்ந்தாலும் 55தான் கிடைக்கும். அந்தத் தூரத்தில் ஒவ்வொரு மூலையையும் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கும். ஒரு வாரத்தில் தோள்பட்டை சொல்லிவிடும். 70 செ.மீ. ஆழம் இருந்தால் ஸ்டாண்டே போதும். 60 என்றால் ஆர்முக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள்.

வளைவு அழகுக்காக வைத்தது இல்லை. 1800 ஆர் என்றால், அந்தத் திரையை அப்படியே நீட்டி முழு வட்டமாக்கினால் அதன் ஆரம் 1800 மில்லிமீட்டர் என்று அர்த்தம். எண் குறையக் குறைய வளைவு கூடும். 70 செ.மீ. தூரத்தில் 80 செ.மீ. அகலத் தட்டைத் திரை ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுப்பகுதி 70 செ.மீ. தள்ளி இருக்க, ஓரங்கள் 80 செ.மீ. தள்ளி இருக்கும், ஓரத்தை நீங்கள் நேராகப் பார்க்காமல் ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் பார்ப்பீர்கள். அதே திரை 1800 ஆர் என்றால் அந்தச் சாய்வு 19 டிகிரிக்கு இறங்குகிறது. 1000 ஆர் என்றால் 9 டிகிரிதான். கோணம் மாறினால் நிறம் வெளிறும் வி.ஏ. என்ற பேனல் (திரைப் பலகை) வகைக்கு இது பெரிய வித்தியாசம். வளைந்த திரைகளில் வி.ஏ. அதிகம் வருகிறது; அவற்றில் வளைவின் பலன் நன்றாகத் தெரிவது இதனால்தான்.

ஆனால் 1000 ஆர் திரையின் ஓரங்கள் நடுவைவிட 8 செ.மீ.க்கு மேல் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். 1800 ஆரில் 4.5 செ.மீ.தான். பக்கத்தில் ஸ்பீக்கரோ மேசை விளக்கோ வைக்கிறவர்கள் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். வீட்டுப் பிளான் போடுகிறவர்கள், பக்க வடிவமைப்பு செய்கிறவர்கள், நேர்கோடு நேராகவே தெரிய வேண்டியவர்கள் யாராக இருந்தாலும் 1800 ஆர் அல்லது அதைவிடத் தட்டையானதை எடுங்கள். 1000 ஆர், 1500 ஆர் எல்லாம் பெரும்பாலும் விளையாட்டுக்கு.

விலை குறைவு என்று 34 அங்குலத்தில் 2560 × 1080 திரைகள் கடையில் கிடைக்கும். வாங்காதீர்கள். ஓர் அங்குலத்துக்கு 82 பிக்சல்தான் வரும். 3440 × 1440 என்றால் 110. தமிழ் படிப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் ஆங்கிலம் மட்டும் படிப்பவர்களைவிட உடனே தெரியும். சிறிய எழுத்தில் 'ண'வின் சுழிகளை எண்ணிப் பாருங்கள்: மூன்று தனித்தனியாகத் தெரிய வேண்டும். 82 பிக்சல் திரையில் அவை ஒன்றோடொன்று ஒட்டி, 'ன'வா 'ண'வா என்று கண் தடுமாறும். மெய்யெழுத்தின் புள்ளி மங்கி எழுத்தோடு சேர்ந்துவிடும். கடையில் டெமோ வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்; அதை நிறுத்தச் சொல்லி, ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறந்து 100 சதவீத அளவில் நான்கு பத்தி படித்துப் பாருங்கள். பட்ஜெட் இடிக்கிறது என்றால் 29 அங்குல 2560 × 1080 பரவாயில்லை (96 பிக்சல்), ஆனால் அது 24 அங்குலத் திரையைவிடக் கொஞ்சம் குட்டை.

பேனல் வகை பற்றிச் சுருக்கமாக. பகலெல்லாம் எழுத்தும் அட்டவணையுமாக வேலை என்றால் ஐ.பி.எஸ். இரவில் படம், விளையாட்டு என்றால் வி.ஏ.யில் கருப்பு நன்றாக இருக்கும். ஆனால் கருப்புப் பின்னணியில் வேகமாக ஸ்க்ரோல் செய்தால் எழுத்துக்குப் பின்னால் சாயம் இழுபடுவது போல் ஒரு நிழல் வரும். ஓ.எல்.இ.டி. பார்க்க அற்புதமாக இருக்கும். என்றாலும் டாஸ்க்பார் எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கும் அலுவலக வேலைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: நாளடைவில் தடம் பதியும் அபாயம் உண்டு. அதன் துணைப்பிக்சல் (ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள்) அமைப்பு வேறு என்பதால் எழுத்தின் ஓரங்களில் மெல்லிய நிறக்கோடும் தெரியலாம்.

அடுத்தது கேபிள். "புது மானிட்டர் மங்கலாகத் தெரிகிறது", "100 ஹெர்ட்ஸ் வரவே மாட்டேன் என்கிறது" என்ற புகார்களில் பாதி இங்கேதான் முடியும். பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 போர்ட் இருக்கும் லேப்டாப்பில் 3440 × 1440 வந்தாலும் 30 அல்லது 50 ஹெர்ட்ஸில் நிற்கும். மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகரும். எச்.டி.எம்.ஐ. 2.0 என்றால் 100 ஹெர்ட்ஸ் வரை போகும். 144, 165 எல்லாம் வேண்டுமென்றால் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 அல்லது எச்.டி.எம்.ஐ. 2.1 தேவை. போர்ட் மூன்று இடத்தில் ஒத்துப்போக வேண்டும்: லேப்டாப், கேபிள், மானிட்டர். எது குறைவோ அதுதான் உங்கள் வேகம்.

யு.எஸ்.பி-சி ஒரே கேபிளில் படம், சார்ஜ், கீபோர்டு மூன்றையும் முடித்துவிடும். வசதி என்றால் அதுதான் வசதி. ஆனால் செல்போன் சார்ஜர் கூட வந்த கேபிளில் படம் வராது, அதில் அதற்கான கம்பிகளே கிடையாது. லேப்டாப்பின் போர்ட்டிலும் டிஸ்ப்ளே வசதி இருக்க வேண்டும். சிலவற்றில் இரண்டு சி-போர்ட் இருந்து ஒன்றில் மட்டும் படம் வரும். லேப்டாப்பின் சார்ஜரில் 65 வாட் என்று போட்டிருந்தால் மானிட்டரும் குறைந்தது 65 வாட் கொடுக்க வேண்டும். இன்னொரு சிக்கல் இருக்கிறது, பலருக்குப் பிடிபடாதது. மானிட்டரில் உள்ள யு.எஸ்.பி. ஹப் (கீபோர்டு, மவுஸ் செருகும் போர்ட்கள்) 3.0 வேகத்தில் ஓடும்போது கேபிளின் நான்கு பாதைகளில் இரண்டை அது எடுத்துக்கொள்ளும். கொஞ்சம் பழைய லேப்டாப் என்றால் படம் 60 ஹெர்ட்ஸில் சிக்கிக்கொள்ளும். மானிட்டரின் மெனுவில் யு.எஸ்.பி. பகுதிக்குப் போய் ஹப்பை 2.0 வேகத்துக்கு மாற்றினால் நான்கு பாதைகளும் படத்துக்கு வந்துவிடும். கீபோர்டுக்கும் மவுஸுக்கும் 2.0 தாராளம்.

பெட்டி பிரிக்கும்போது இரண்டு பேர் இருங்கள், ஒருவர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். ஆன்லைனில் வாங்கிய திரை உடைந்து வந்திருந்தால் அந்த வீடியோதான் உங்கள் சாட்சி. வளைந்த திரையை வெறும் மேசையில் குப்புறக் கவிழ்க்கவே கூடாது. தட்டைத் திரையின் பாரம் எல்லா இடத்திலும் பரவும். வளைந்ததைக் கவிழ்த்தால் இரண்டு ஓரங்கள் மட்டும் தரையைத் தொட, நடுப்பகுதி தொங்கும். அந்த நிலையில் பின்பக்கம் ஸ்டாண்டை அழுத்திப் பொருத்தினால் அழுத்தம் முழுவதும் ஓரத்துக்குப் போய், பேனலில் கீறல் விழும் அல்லது மூலையில் வெளிச்சக் கசிவு நிரந்தரமாகிவிடும். அதனால் பெட்டியைத் தரையில் படுக்க வைத்து, மேல் தெர்மோகோலை மட்டும் எடுத்துவிட்டு, மானிட்டர் கீழ்த் தெர்மோகோலிலேயே கிடக்கும்போது ஸ்டாண்டைப் பொருத்துங்கள். அந்தத் தெர்மோகோல் அதே வளைவுக்கு வார்க்கப்பட்டது. தூக்கும்போது ஸ்டாண்டின் கழுத்தில் ஒரு கை, கீழ்ச் சட்டத்தில் ஒரு கை; கண்ணாடிப் பக்கம் விரல் படக் கூடாது. திரும்பக் கொடுக்கும் நாள் முடியும்வரை பெட்டியையும் தெர்மோகோலையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஆர்ம் வாங்குவதாக இருந்தால் ஸ்டாண்டு இல்லாத எடையைப் பாருங்கள். 34 அங்குலத் திரைகள் பெரும்பாலும் 5 முதல் 8 கிலோ. வளைந்த திரையின் ஓரங்கள் முன்னால் வருவதால் பாரமும் முன்னால் வரும். 8 கிலோ வரை தாங்கும் ஆர்மில் 7.5 கிலோ திரையை மாட்டினால், உயரம் நின்றாலும் தலை மெல்லக் கவிழும். இரண்டு கிலோவாவது கூடுதலாகத் தாங்கும் ஆர்ம் எடுங்கள். பின்பக்கத் துளை பெரும்பாலும் 100 × 100 மி.மீ., திருகு எம்4. துளை உள்வாங்கி இருந்தால் இடைக்குழாயும் நீளத் திருகும் வேண்டும். ஆனால் தேவைக்கு மேல் நீளமான திருகை முடுக்கினால் உள்ளே இருக்கும் போர்டில் குத்திவிடும். கையால் திருகிப் பார்த்து, தடுக்கும் இடத்தில் நிறுத்துங்கள். பார்ட்டிகிள் போர்டு மேசை என்றால் கிளாம்புக்கு மேலும் கீழும் ஒரு இரும்புத் தகடு வையுங்கள், இல்லாவிட்டால் பலகை நசுங்கும். கண்ணாடி மேசையில் வேண்டவே வேண்டாம். ஆர்மின் முழங்கை பின்னால் மடங்க இடம் வேண்டும் என்பதால் மேசையைச் சுவரிலிருந்து 10, 15 செ.மீ. இழுத்துப் போட வேண்டியிருக்கும். மாட்டிய பிறகு திரை இறங்கினால் ஆலன் கீயால் ஸ்பிரிங்கை இறுக்குங்கள், ஏறினால் தளர்த்துங்கள். பின்னாளில் மானிட்டரைக் கழற்றும்போது ஆர்மை முழு உயரத்துக்கு ஏற்றிவிட்டுக் கழற்ற வேண்டும். தாழ்ந்த நிலையில் கழற்றினால் பாரம் போன வேகத்தில் ஆர்ம் எகிறி முகத்தில் அடிக்கும்.

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு அல்லது ஓரிரு விரல் கீழே. லேசாகப் பின்சாய்வு, 5 டிகிரி போதும். உங்கள் மூக்குக்கு நேராகத் திரையின் நடு வர வேண்டும். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலும் வளைவின் பலன் போய்விடும். ஜன்னலும் டியூப்லைட்டும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. தட்டைத் திரையில் டியூப்லைட் ஒரு கோடாகத் தெரியும். வளைந்த திரை அதை இழுத்து அகலமான வெள்ளைப் பட்டையாக்கிவிடும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி மேசையைத் திருப்பினால் தீர்ந்தது.

இனி விண்டோஸ். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 3440 × 1440 வந்திருக்கிறதா என்று பாருங்கள். "அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே"க்குள் போய் ரெஃப்ரெஷ் ரேட்டை நீங்களே மாற்ற வேண்டும்; பெரும்பாலும் அது 60-இலேயே நிற்கும். 144 ஹெர்ட்ஸுக்குப் பணம் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் 60-இல் ஓட்டுகிறவர்கள் நிறைய. எச்.டி.எம்.ஐ.யில் கருப்பு சாம்பலாகத் தெரிந்தால் பேனலில் கோளாறு இல்லை. கிராபிக்ஸ் செட்டிங்ஸில் அவுட்புட் ரேஞ்ச் "லிமிடெட்" என்று இருக்கும், "ஃபுல்" ஆக்குங்கள். பிரைட்னஸ் பெட்டியிலிருந்து வரும்போது கண் கூசும் அளவில் இருக்கும்; வீட்டு வெளிச்சத்துக்கு 25, 30 போதும். மானிட்டர் மெனுவில் ஓவர்டிரைவை (பிக்சல் நிறம் மாறும் வேகத்தைக் கூட்டும் வசதி) நடுத்தரத்தில் வையுங்கள். உச்சத்தில் வைத்தால் நகரும் பொருளுக்குப் பின்னால் வெளிறிய நிழல் வரும். பிறகு எழுத்தைத் தெளிவாக்கும் விண்டோஸ் கருவியான கிளியர்டைப் டியூனரை ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் பேனலைச் சோதிக்க வேண்டும். அரைமணி நேரம் ஓடி சூடான பிறகு, கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து நிறங்களை முழுத்திரையில் போட்டுப் பாருங்கள். கருப்பில் மூலையில் வெளிச்சம் தெரிந்தால் தலையை இடவலமாக அசையுங்கள். வெளிச்சமும் கூடவே நகர்ந்து மாறினால் அது ஐ.பி.எஸ். பேனலின் இயல்பான பளபளப்பு. அசையாமல் அங்கேயே நின்றால் கசிவு. மாற்றித் தரச் சொல்லுங்கள்.

80 செ.மீ. அகலத்தில் ஒரே ஜன்னலை முழுதாக விரித்தால் வரிகள் ரயில்பாதை மாதிரி நீளும். மைக்ரோசாப்ட்டின் இலவச பவர்டாய்ஸை நிறுவி, அதில் ஜன்னல்களுக்கு இடம் பிரிக்கும் ஃபேன்சிஸோன்ஸைத் திறந்து, நடுவில் 1720 பிக்சல், இருபுறமும் 860 என்று மூன்று பகுதியாகப் பிரியுங்கள். ஷிஃப்டை அழுத்தியபடி ஜன்னலை இழுத்தால் அது அதன் இடத்தில் போய் உட்காரும். நடுவில் எழுதும் வேலை, ஓரங்களில் மேற்கோள் பக்கமும் அரட்டையும். விண்டோஸ் 11 என்றால் விண்டோஸ் பட்டனோடு இசட் அழுத்தினாலே இதற்கு ஓரளவு வழி இருக்கிறது. யூடியூப் வீடியோ இருபக்கமும் 440 பிக்சல் கருப்புப் பட்டையோடுதான் வரும், அதை இழுத்து நிரப்பாதீர்கள். சினிமாஸ்கோப் படம் திரையை நிரப்பும். ஆனால் மேல்கீழ்ப் பட்டை வீடியோவிலேயே பதிந்து வந்தால் நான்கு பக்கமும் கருப்பு சூழ நடுவில் சிறிய பெட்டியாகத் தெரியும்.

மீட்டிங்கில் முழுத்திரையைப் பகிர்ந்தால், மறுமுனையில் லேப்டாப்பில் பார்ப்பவருக்கு எழுத்து எறும்பு அளவில் போகும். ஜன்னலை மட்டும் பகிருங்கள். ஜூமில் திரையின் ஒரு பகுதியை மட்டும் பகிரும் வசதியும் அட்வான்ஸ்டு பிரிவில் இருக்கிறது. அந்தச் சட்டத்தை நடுப்பகுதியின் அளவுக்கு இழுத்து வைத்துக்கொண்டால், அரட்டை ஓரத்தில் வரும் செய்தி எதுவும் வெளியே போகாது.