கம்யூனிஸ்ட் கட்சிகளின் பிளவு வரைபடம்: இதுவரை வந்த கதை

எந்தக் கம்யூனிஸ்ட் கட்சி எதிலிருந்து, எப்போது, எதற்காகப் பிரிந்தது என்பதை ஒரே படத்தில் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. கிராஃப்விஸ் என்ற இலவச மென்பொருளில் செய்துகொண்டிருக்கிறேன். கட்சிப் பெயர்களையும் அம்புக்குறிகளையும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிக் கொடுத்தால் படத்தை அதுவே வரைந்துவிடும், ஒரே ஆண்டில் நடந்தவற்றை ஒரே வரிசையில் நிறுத்தவும் வசதி இருக்கிறது.

ஆரம்பப் பகுதி சீக்கிரம் முடிந்தது. 1864இல் லண்டனில் முதலாம் அகிலம் (அகிலம் என்றால் பல நாட்டுத் தொழிலாளர் அமைப்புகளின் சர்வதேசக் கூட்டமைப்பு), 1872இல் ஹேக் மாநாட்டில் அரசின்மைவாதி பக்கூனின் வெளியேற்றம், 1889இல் இரண்டாம் அகிலம், 1914 ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி போர்க் கடனுக்கு ஆதரவாக வாக்களித்தது, 1919இல் மாஸ்கோவில் மூன்றாம் அகிலம். அடுத்த ஆண்டு, அதில் சேர விரும்பும் கட்சிகளுக்கு 21 நிபந்தனைகள் போட்டார்கள். அங்கேதான் முதல் சிக்கல். 1920 டிசம்பரில் பிரான்சின் சோஷலிஸ்ட் கட்சி டூர்ஸ் நகரில் நடத்திய மாநாட்டில் பெரும்பான்மை மாஸ்கோ பக்கம் போனது, கட்சிப் பத்திரிகையான லூமனித்தேயும் அவர்களுக்கே கிடைத்தது, லியோன் ப்ளூம் தரப்புதான் தனியாக நின்றது. அடுத்த மாதமே இத்தாலியின் லிவோர்னோவில் நிலைமை தலைகீழ்: கம்யூனிஸ்டுகள் சிறுபான்மை, எழுந்து போய்ப் புதுக் கட்சி ஆரம்பித்தார்கள். அப்படியென்றால் எது தண்டு, எது கிளை? பெரும்பான்மை போன பக்கம் தடித்த கோடு என்று முடிவு செய்தேன். பெயர் யாரிடம் தங்கியது என்பதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

ஸ்டாலினை எதிர்த்த ட்ராட்ஸ்கியின் ஆதரவாளர்களுடைய வரிசை வேறு மாதிரி. 1938இல் நான்காம் அகிலம், 1953இல் அது இரண்டானது, 1963இல் பெரும்பகுதி மறுபடி ஒன்று சேர்ந்தது, பிறகு மறுபடி பிரிவுகள். படத்தில் அதிக இடத்தைப் பிடித்திருப்பது இதுதான், ஆள்பலத்தோடு ஒப்பிட்டால் கொஞ்சம் அநியாயம். இதில் எனக்குப் பிடித்த இடம் இலங்கை. வேறு இடங்களில் ட்ராட்ஸ்கியவாதிகளைத்தான் கட்சியை விட்டு விரட்டினார்கள். லங்கா சமசமாஜக் கட்சியில் மாஸ்கோ ஆதரவாளர்களை விரட்டினார்கள், அவர்கள் வெளியே வந்து பின்னால் கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தார்கள். அதே சமசமாஜக் கட்சி 1964இல் சிறிமாவோ அரசில் சேர்ந்ததும் நான்காம் அகிலம் அதைக் கைகழுவிவிட்டது.

1948இல் யூகோஸ்லாவியாவைக் கோமின்ஃபார்ம் (மாஸ்கோ தலைமையிலான ஐரோப்பியக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பு) வெளியேற்றியதற்குப் புள்ளிக்கோடு வைத்தேன். கட்சி உடையவில்லை, மேலிருந்து வந்த தண்டனை, அவ்வளவுதான். 1956 இன்னும் கஷ்டம். சோவியத் கட்சியின் இருபதாவது காங்கிரசில் (மாநாட்டில்) குருஷ்சேவ் ஸ்டாலினைத் தாக்கிப் பேசியதும், அந்த ஆண்டு கடைசியில் ஹங்கேரியில் டாங்கிகள் நுழைந்ததும் மேற்கு ஐரோப்பியக் கட்சிகளிலிருந்து ஏகப்பட்ட பேரை வெளியே தள்ளின. அவர்களில் பலர் வேறு கட்சி எதுவும் ஆரம்பிக்கவில்லை, சும்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். அம்புக்குறி போட வேண்டுமென்றால் மறுமுனையில் ஒரு கட்சி வேண்டும், எனவே அவர்கள் படத்திலேயே இல்லை.

அதிக நேரம் தின்றது சீன சோவியத் பிளவுதான். 1960 நவம்பரில் மாஸ்கோவில் 81 கட்சிகள் கூடி ஒரே அறிக்கையை ஏற்றுக்கொண்டன, அப்புறம் இரு தரப்பும் அதே அறிக்கையை மேற்கோள் காட்டித்தான் ஒன்றையொன்று திட்டின. 1963 ஜூனில் சீனாவின் கடிதம், ஜூலையில் சோவியத் கட்சியின் திறந்த கடிதம். சமாதான சகவாழ்வு, அமைதி வழியில் சோஷலிசம், ஸ்டாலினை எப்படி மதிப்பிடுவது என்று எல்லாம் கோட்பாட்டு மொழியில் இருக்கின்றன. ஆனால் அணுகுண்டுத் தொழில்நுட்பம் தர மாட்டோம் என்று 1959இல் சொன்னதையும், 1960இல் சோவியத் நிபுணர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டதையும் அதே வரிசையில் வைத்துப் பார்த்தால் பாதிச் சண்டை இரண்டு அரசுகளுடையது என்று தெரிகிறது. அதனால் கோட்பாட்டுக் காரணத்துக்குச் சிவப்பு, அரசுக் காரணத்துக்கு நீலம் என்று இரண்டு நிறம் கொண்டுவந்தேன். படம் படிக்கும்படி ஆனது அதற்குப் பிறகுதான்.

இந்தியாவுக்கு இரண்டு நிறமும் போதவில்லை. 1964 ஏப்ரலில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசிய கவுன்சிலிலிருந்து 32 பேர் வெளிநடப்பு செய்து, பின்னால் மார்க்சிஸ்ட் கட்சியாக ஆனதைச் சீன ஆதரவுப் பிளவு என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 1962 போர் அதில் இருந்தது, சரி. காங்கிரசை எப்படி அணுகுவது என்ற பழைய தகராறுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. உண்மையிலேயே சீனக் கட்சி என்றால் நக்சல்பாரி விவசாயிகள் எழுச்சிக்குப் பிறகு பீக்கிங் ஏன் மார்க்சிஸ்ட் கட்சியையே தாக்கியது? உள்நாட்டுக் காரணத்துக்குப் பச்சை என்று மூன்றாவது நிறம் இப்படித்தான் வந்தது.

1978இல் சீனா அல்பேனியாவுக்கு உதவியை நிறுத்தியதும் உலகமெங்கும் இருந்த சின்னச் சின்ன மாவோயிஸ்ட் கட்சிகள் மறுபடி உடைந்தன: சீனாவின் புதிய தலைமையோடு சிலர், அல்பேனியத் தலைவர் ஹோட்ஜாவோடு சிலர், கலாச்சாரப் புரட்சியைப் பிடித்துக்கொண்டு சிலர். இங்கே அம்புகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து எழுத்தையே மறைக்கின்றன, இன்னும் சரி செய்யவில்லை. ஐரோப்பியக் கம்யூனிசத்துக்குச் சாம்பல் நிறக் கோடு போட்டு வைத்திருக்கிறேன், இத்தாலியக் கட்சித் தலைவர் பெர்லிங்குவேரும் ஸ்பானியக் கட்சித் தலைவர் காரில்லோவும் மாஸ்கோவிலிருந்து விலகினார்களே தவிர முறித்துக்கொண்டு போகவில்லை.

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது நேபாளத்தில். 2018இல் ஒன்றான இரண்டு பெரிய கட்சிகளை 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இணைப்பே செல்லாது என்று பழைய நிலைக்கு அனுப்பிவிட்டது, சில மாதத்தில் அதில் ஒரு கட்சி மாதவ் குமார் நேபாள் தலைமையில் மறுபடி உடைந்தது. நீதிமன்றம் பிரித்த கட்சிக்கு என்ன நிறம் என்று தெரியாததால் தற்காலிகமாகக் கறுப்பு. அடுத்தது லத்தீன் அமெரிக்கா.